டாலிவருக்குப் போனவன்

அந்தச் சேர்ல உக்காராதீங்க கோச், ஒரு காலு ஆடும் அதுக்கு. இந்த டயர் மேலயே உக்காருங்க. புதுசுதான், பேண்ட்ல கறை ஒட்டாது. கதவை நான்தான் இறக்கிவிட்டேன். சனிக்கிழமை டாலிவர் காலேஜோட ஃபுட்பால் ஆட்டத்தை வெச்சுக்கிட்டு, செவ்வாக்கிழமை பெல்ஃபோர்ட் காலேஜ் கோச்சுக்கு இந்த வெர்னான் டேகெட்டோட டயர் கடையில என்ன வேலைன்னு ஊரு கேக்கும்ல? வண்டியப் பின்பக்கம் விட்டுட்டீங்கள்ல? அப்பப் பிரச்சனை இல்ல.

சொல்றேன், இருங்க. போன்ல சொல்ற விஷயமா இருந்தா போன்லயே சொல்லியிருப்பேனே.

நீங்க என்ன நெனச்சு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். டாலிவர் டீமுக்குப் பந்து எறியுறவன் எம்புள்ள கோல்பி. சனிக்கிழமை உங்க பசங்க அவனை விரட்டி விரட்டி விழுத்தாட்டப் போறாங்க. கொஞ்சம் பாத்து அடிக்கச் சொல்லுங்கய்யான்னு இந்தக் கிழவன் கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுவான், அதானே? பாத்தீங்களா, சிரிப்பு வந்துருச்சு உங்களுக்கு. நம்ம பசங்க சுத்தமா ஆடுவாங்கன்னு நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம் கோச். நானும் பெல்ஃபோர்ட் பச்சைச் சட்டையப் போட்டவன்தான். ரெண்டு வருஷம். ஆடுனதை விட பெஞ்சுல உக்காந்ததுதான் ஜாஸ்தி, இருந்தாலும் போட்டேன்ல.

கோல்பி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில அவனைச் சுத்துன துணி கூடப் பச்சை. நான் வீட்டுலேருந்து கொண்டுபோனது. லொரீன், எம்பொண்டாட்டி, அப்பவே தலையில அடிச்சுக்கிட்டா. அவன் நடக்க ஆரம்பிச்ச கையோட அந்தா அந்த உத்தரத்துல ஒரு டயரைக் கட்டித் தொங்கவிட்டேன். ஓட்டைக்குள்ள பந்து போகணும். போகலைன்னா சாப்பாடு லேட்டு, அவ்வளவுதான். கையெல்லாம் கொப்புளம் வந்துச்சு. அழுதான். அழுதா என்ன, கை பழகுச்சா இல்லையா?

பள்ளிக்கூடத்து ஜிம்முல அவன் காலேஜைத் தேர்ந்தெடுத்த நாளு, நீங்க வந்திருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? மேஜை மேல வரிசையா தொப்பி வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு காலேஜுக்கும் ஒண்ணு. மொதல்ல அந்த மஞ்சத் தொப்பிய, டாலிவர் தொப்பிய எடுத்தான் படுவா. அப்புறம் அதைத் தூக்கிப் பின்னால வீசிட்டுப் பச்சையப் போட்டான். ஊரே ஓடிவந்து என்னையத் தூக்குச்சு கோச். என்னைய! அன்னிக்குச் செத்திருந்தாக் கூட சந்தோசமாப் போயிருப்பேன்.

அப்புறம் நீங்க அவனை உக்கார வெச்சீங்க. இல்ல, இல்ல, குத்தம் சொல்லல. உங்க டீமு, உங்க இஷ்டம். ரெண்டு சீசன் பெஞ்சுல தண்ணி பாட்டில் புடிச்சுக்கிட்டு நின்னான். நான் என்ன சொன்னேன் அவன்கிட்ட? இருடா, நானும் இருந்தேன்ல, பச்சைச் சட்டையில பெஞ்சுல இருந்தாலும் மரியாதைதான்டான்னேன். அவன் என்னையப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை. அப்பா, நீங்க பெஞ்சுல உக்காந்ததுக்கு நானும் உக்காரணுமான்னு கேட்டுட்டான். பெத்த அப்பன்கிட்ட.

எங்க காலத்துல காலேஜ் மாறுனா ஒரு வருஷம் ஆடாம சும்மா கெடக்கணும். அந்தப் பயத்துலயே ஒருத்தனும் போகமாட்டான். இப்ப என்னன்னா, செல்போனைத் தடவிப் பேரைப் பதிஞ்சுட்டு மூட்டையக் கட்டிடுறானுங்க. எங்க வேணா போயிருக்கலாம் அவன். டெக்ஸாஸ்ல கூப்பிட்டாங்க, ஒஹையோவுல கூப்பிட்டாங்க. போனானா? ஆத்தைத் தாண்டி நம்ம ஜென்ம எதிரி டாலிவருக்குப் போனான். ஏன்டான்னா, அம்மா வந்து பாக்குற தூரமாம்.

போன மறுநாளு எங்க வாசல்ல இருந்த மரம் பூரா கக்கூஸ் காகிதம். கிளைக்குக் கிளை சுத்திவிட்டுட்டுப் போயிருக்கானுங்க. மழை வேற பேஞ்சு எல்லாம் ஒட்டிக்கிச்சு. தபால் பொட்டிக்குள்ள செத்த கெளுத்தி மீனு. சர்ச்சுல நாங்க உக்காந்தா அந்த பெஞ்சுல வேற யாரும் உக்காரமாட்டாங்க. முடி வெட்டுறவன் பாதி வெட்டிட்டு எந்திரின்னுட்டான் கோச். பாதித் தலையோட வீட்டுக்கு வந்தேன். லொரீன் ரெண்டே மாசத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டா. இப்ப ஆட்டத்துக்கு ஆட்டம் மஞ்ச ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டிவியில தெரியுறா. நல்லாத்தான் இருக்கா. சதை போட்டிருக்கா.

நான் போகல. நான் எங்க போவேன்? இது என் ஊரு. நான் வளர்த்த புள்ளைக்காக என்னைய நாயி மாதிரி விரட்டுனாங்க, அப்பவும் நான் இவங்க பக்கம்தான். உங்களுக்கு அது புரியும். போன வாரம் உங்க வீட்டு வாசல்லயே விற்பனைக்குன்னு பலகை நட்டுட்டுப் போனாங்களாமே? பொண்ணு பள்ளிக்கூடம் போறப்ப பாத்து அழுதுச்சாமே? ஊருல எல்லாருக்கும் தெரியும் கோச், வெக்கப்பட ஒண்ணுமில்ல. போன வருசம் ஒரே ஆட்டத்துல கோல்பி நாலு தடவை எல்லை தாண்ட எறிஞ்சு உங்களை நாறடிச்சான். நீங்க பெஞ்சுல வெச்ச அதே பையன். இந்த வருசமும் தோத்தா அந்தப் பலகைய நீங்களே துடைச்சு நிமுத்தி வெச்சுட்டுக் கெளம்ப வேண்டியதுதான்.

கோவம் வேண்டாம், கோவம் வேண்டாம். உக்காருங்க. காபியக் குடிங்க, ஆறிப்போகுது.

ஒண்ணு ஒத்துக்கணும். அங்க போயி நல்லா வளர்ந்துட்டான். சும்மா சொல்லக் கூடாது. ஸ்டில்வெல்லு, அதான் அவங்க கோச்சு, போன உடனே ஆறு மாசம் பந்தையே தொடவிடலையாம். காலை எங்க வைக்கணும், இடுப்பை எப்பத் திருப்பணும், அதுலேருந்து ஆரம்பிச்சிருக்கான். ஆனா ஆவன்னாவுலேருந்து. முழங்கைய ஏத்திட்டான். உடம்பைக் கூட்டிட்டான். முன்னாடியெல்லாம் ஒரே ஆளைப் பாத்து எறிவான், இப்ப அந்தக் கோடியில நிக்கிறவன் தும்முனாக் கூட அவனுக்குத் தெரியுது. ஏப்ரல்ல பெரிய டீமுங்க ஆள் எடுக்குறப்ப மொத நாளே இவன் பேரைக் கூப்பிடுவாங்கன்னு பேப்பர்ல எழுதுறான். கோடிக் கணக்குல குடுப்பாங்களாம். குடுக்கட்டும்.

அதுக்கில்ல கோச். அக்டோபர்ல ஒரு பேட்டி குடுத்தான் பாருங்க. நீங்க பாத்தீங்களா? எறிய யாரு கத்துக்குடுத்தான்னு மைக்க நீட்டுறா டிவிக்காரப் பொண்ணு. இவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், நான் இங்க வந்தப்ப தப்புத்தப்பாத்தான் எறிஞ்சுக்கிட்டு இருந்தேன், அதை மறக்கவே ஒரு வருஷம் ஆச்சு, கோச் ஸ்டில்வெல்தான் எனக்கு அப்பா மாதிரின்னு.

அப்பா மாதிரி.

அப்பன்காரன் இங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். கடையில நாலு பேரு இருந்தானுங்க. ஒருத்தன் எந்திரிச்சுப் போயி டிவிய அணைச்சான். பாவப்பட்டானுங்க. பச்சைச் சட்டைக்காரனுங்க எனக்காகப் பாவப்பட்டானுங்க கோச்! செத்த மீனு போட்டப்ப கூட எனக்கு இப்படி எரியல. அன்னிக்கு எரிஞ்சுச்சு. இன்னிக்கும் எரியுது.

அவன் தெரிஞ்சு சொல்லலைன்னுதான் லொரீன் சொல்றா. மறுநாளே ஒரு பார்சல் வந்துச்சு. அவன் போட்டு ஆடுன சட்டை, மஞ்சச் சட்டை. அப்பா, ஒரு ஆட்டத்துக்காவது வாங்கன்னு சீட்டுல எழுதியிருந்தான். அந்தா, வண்டி தூக்குற லிஃப்ட்டு பக்கத்துல தொங்குது பாருங்க. கிரீஸ் துடைக்க நல்லா இருக்கு. நல்ல துணி.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தப்புத்தப்பா கத்துக்குடுத்தேனாம்ல, எல்லாத்தையும் ஸ்டில்வெல்லு மாத்திட்டானாம்ல. ஒண்ண மாத்தலை. மாத்த முடியாது, ஏன்னா அது இருக்குறதே அவனுக்குத் தெரியாது. கோல்பிக்குப் பதினாலு வயசுல, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான், ஒரு டிரக்கைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். ஜாக்கி நழுவிருச்சு. அவன் காலு உள்ள மாட்டிக்கிச்சு. இடது முழங்கால். கோழிக்கால் திருகுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆட்டத்துக்குக் காலேஜ் ஆளுங்க மொத தடவையா அவனைப் பாக்க வர்றாங்க. டாக்டர்கிட்ட போனா சீசன் போச்சு. சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டி ஆட வெச்சேன். ஆடுனானே! பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுனான். அன்னிக்கு எறிஞ்சதைப் பாத்துத்தான் உங்க ஆளுங்களே அவன் பேரை எழுதுனாங்க.

இல்ல, டாக்டரே பாக்கல. அவங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது. யாரு கேட்டாலும் அடியே பட்டதில்லன்னு சொல்லணும்டான்னு சத்தியம் வாங்குனேன். இன்னிக்கு வரைக்கும் காப்பாத்துறான் அதை. பெல்ஃபோர்ட்ல சேர்க்கறப்ப உங்க டாக்டரு காலை மடக்கி நீட்டிப் பாத்தாரே, கண்டுபிடிச்சாரா? மடக்குனா நீட்டுனா தெரியாது. வெளிப்பக்கத்துலேருந்து இடிக்கணும். தூரமா எறியறப்ப முழு எடையும் இடது காலுக்கு வரும், எறிஞ்ச கை கீழ எறங்குற வரைக்கும் அந்தக் காலை அவனால எடுக்க முடியாது. ஒரு மூச்சு விடுற நேரம். அதுக்குள்ள வெளிப்பக்கத்துலேருந்து ஒருத்தன் தோளைக் குடுத்தாப் போதும். சனிக்கிழமை குளிரு வேற. குளிருல அது இன்னும் மோசம், கட்டை மாதிரி விறைச்சுக்கும்.

ஃபவுல்தான். யாரு இல்லைன்னா? எறிஞ்சவன் காலுல இடிச்சா அவங்களைப் பதினஞ்சு கஜம் முன்னால வரவிடணும், அதான் தண்டனை. குடுத்துட்டுப் போங்களேன். பதினஞ்சு கஜத்தை ரெண்டு ஓட்டத்துல எடுத்துரலாம். அவங்களுக்கு வேற ஆளு ஏது? அடுத்தவன் சின்னப் பையன், பந்தைப் பாத்தாலே நடுங்குறான்.

ஏப்ரல் தெரியும் கோச். அதுக்கப்புறம் அவனை எவனும் கூப்பிடமாட்டான்னும் தெரியும். நீங்க எனக்கு நெனவுபடுத்த வேண்டாம். நீங்களும் புள்ள பெத்தவர், சரி, ஒத்துக்கறேன். ஆனா நான் முழங்கால்னு சொன்ன உடனே எந்திரிச்சுப் போயிருக்கணும்ல? போகலையே. எந்தப் பக்கம்னு கேட்டீங்களே இப்ப, வாய்க்குள்ளயே. வெளிப்பக்கம். நல்லாக் கேட்டுக்கங்க, உள்பக்கம் இடிச்சா ஒண்ணும் ஆகாது.

காசா? சீ, என்ன கோச் நீங்க. எம்புள்ளய வித்துத் திங்குறவன்னு நெனச்சீங்களா என்னைய?

ஒரே ஒரு டிக்கெட் குடுங்க, போதும். நம்ம பக்கம், மொத வரிசை, மைதானத்தை ஒட்டுனாப்புல. இந்தப் பச்சைக் கோட்டைத்தான் போட்டுக்கிட்டு வருவேன். சின்னதுலேருந்தே அவனுக்கு ஒரு பழக்கம், விழுந்தான்னா வலிக்குதா இல்லையான்னு கூடப் பாக்கமாட்டான், மொதல்ல தலையத் தூக்கி அப்பன் எங்கன்னு தேடுவான். சனிக்கிழமையும் தேடுவான். அப்ப நான் எந்திரிச்சு நின்னு கை தட்டிக்கிட்டு இருக்கணும்.