பழம் வைக்காத வரிசை

விற்பனைப் பக்கத்தில் ‘வாங்கு’ என்ற பொத்தானுக்குப் பச்சை நிறம் கொடுத்தால் நன்றாக விற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆரஞ்சுதான் ராசி என்பாரும் உண்டு. நான் இரண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறேன், சார். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. என் தொழில் என்னவென்று கேட்பவர்கள் எல்லாரும் இந்த நிறக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள், அதனால் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்டது வேறு. முத்தம்மா இறந்த அன்று மதியம் அவர் வீட்டுக்கு எதிரே என் மோட்டார் சைக்கிள் ஏன் நின்றது என்று கேட்டீர்கள். சாமான் கொடுக்கப் போயிருந்தேன் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் தமிழிலேயே சொல்லுங்கள், மலாயில் நான் எழுதிக்கொள்கிறேன் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னீர்கள். அதற்காகவாவது முழுதாகச் சொல்கிறேன்.

ஈப்போவில் சிறு வியாபாரிகளுக்கு விற்பனைப் பக்கம் செய்து கொடுப்பது என் வேலை. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும் அல்லவா, அந்தப் பக்கம். நூறு பேர் வந்து பார்த்தால் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு மார்க்கு. கேக் விற்பவருக்கும் சேலை விற்பவருக்கும் செய்திருக்கிறேன். ஆனால் துளசி அக்காவுக்குச் செய்ததைப்போல இன்னொன்று என் கையிலிருந்து வந்ததில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

துளசி அக்கா ஜெலாப்பாங்கில் இருக்கிறார். தொழிற்சாலை வேலை போன பிறகு வீட்டிலேயே சாம்பிராணி இடித்து, கறுப்புக் கயிறு முடிந்து, விபூதியும் சேர்த்து ‘வீட்டுக் காப்பு’ என்று ஒரு பெட்டி விற்கத் தொடங்கினார். கண்ணேறும் செய்வினையும் அண்டாமல் வாசலில் கட்டுவது. சூதுவாது தெரியாத மனுஷி. சாமி முன்னால் வைத்துக் கும்பிடாமல் ஒரு கயிற்றைக்கூட வெளியே அனுப்ப மாட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. அப்பா ஸ்கந்தராஜா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். செய்வினை என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பார். எலுமிச்சம்பழத்தை எங்கள் வீட்டில் தேசிக்காய் என்போம். தேநீரில் பிழிவதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இருப்பதாக எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

அக்காவின் பழைய பக்கம் முழுக்க சாமி படங்கள். விலையைத் தேடினால் கிடைக்காது. நான் படங்களைக் குறைத்தேன், விலையை மேலே கொண்டுவந்தேன், பெட்டி கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று ஒரு வரி சேர்த்தேன். நூற்றுக்கு ஒருவர் வாங்கிய இடத்தில் மூவர் வாங்கினார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் ஆறவில்லை. அதற்கு மேல் எதைச் செய்தாலும் அந்த மூன்று அசையவில்லை.

அப்போதுதான் தாப்பாவிலிருந்து ஒரு பெண் வாங்கினார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்ததாம்; யாரோ கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நடுங்கும் குரலில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். யார் எதைப் படிக்கிறார்கள் என்று எனக்குக் கணினியில் தெரியும். நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய தலைப்பை அவர் படிக்கவே இல்லை. நேரே கீழே போய் இருப்பதிலேயே பெரிய பெட்டியை வாங்கிவிட்டார்.

எனக்குப் புத்தி வந்தது அன்றுதான். இத்தனை நாளும் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்த வேண்டியது பக்கத்துக்கு வருகிற ஆளை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரளாதவன் கண்ணுக்கு எப்பேர்ப்பட்ட விளம்பரமும் வெறும் விளம்பரம்தான்.

எங்கள் தொழிலில் புதிதாக ஒன்றைச் செய்தால் பாதிப் பேருக்குச் செய்துவிட்டு மீதிப் பேரைத் தொடாமல் விட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வேலை செய்தது எது என்று தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பு இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ரப்பர் தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளில் இருந்த ஆட்களுக்குக் கிடைத்த மலிவு வீடுகள். இரண்டே வரிசை, முதுகோடு முதுகாக. ஒரே மாதிரி குடும்பங்கள், ஒரே கோயில். சோதனைக்கு அதைவிட நல்ல இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. அந்தச் சுற்றுவட்டாரக் கைப்பேசிகளில் மட்டும் விளம்பரம் வரும்படி செய்தேன். முன்வரிசை வாசல்களில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் வைப்பது, பின்வரிசையைத் தொடாமல் விடுவது. மாதக் கடைசியில் நிறுத்திவிடுவதாக இருந்தேன்.

பதுங்கிப் பதுங்கிப் போகவில்லை, சார். பட்டப்பகலில் போனேன். ஆர்டர்களை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னபோது, இவ்வளவு நல்ல பிள்ளையா என்று நெகிழ்ந்துபோனார். மதிய வெயிலில் அந்தத் தாமானில் நாய்கூட வெளியே வராது. சாமான் கொண்டுவருகிற ஆளை யாரும் முகம் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நாலு வீடு தள்ளி ஒரு பழத்தை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

முன்வரிசையில் மட்டும் நூற்றுக்குப் பதினெட்டு. இந்த எண் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. என் தொழிலில் உள்ளவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி.

அக்காவுக்குத்தான் முதலில் உறுத்தியது. ஒரே தாமானிலிருந்து இத்தனை ஆர்டர் ஏன் என்று கேட்டார். விளம்பரம் நன்றாகப் போகிறது என்றேன். "பயந்து வாங்குற மாதிரி இருக்கு லா தம்பி. நான் நிம்மதிக்குத்தானே விக்கிறேன்" என்றார். நிம்மதி இல்லாதவர்தானே அக்கா நிம்மதியை வாங்குவார் என்று சொன்னேன். அவர் குனிந்து அடுத்த கயிற்றை முடியத் தொடங்கினார்.

பிறகு பக்கத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: ‘உங்களுக்கு யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா? பெயரை எழுதுங்கள், பூசையில் வைக்கிறோம்.’ ஒரு பெயரை எழுதிவிட்டவர் வாங்காமல் போவதில்லை, அதற்காகத்தான். பூசையில் எந்தப் பெயரும் வைக்கப்படவில்லை. அக்காவுக்கு அந்தக் கேள்வி இருப்பதே தெரியாது. முதலில் பலதரப்பட்ட பெயர்கள் வந்தன. கொழுந்தி, மாமியார், கடன் கேட்டு வந்து கிடைக்காமல் போன மச்சான். அப்புறம் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. பின்வரிசை மூலைவீட்டு முத்தம்மா.

இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் பார்த்ததும் புரிந்தது. முன்வரிசை முழுக்கப் பழம், பின்வரிசையில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் வைப்பவர் பின்வரிசை ஆள். முத்தம்மா புருஷன் போன பிறகு தனியாக இருப்பவர், மகன் சிங்கப்பூரில். போதாக்குறைக்கு அவர் வாசலில் காய்த்துக் குலுங்கும் எலுமிச்சை மரம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் பழங்களை ஈப்போ பாசாரில்தான் வாங்கினேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தினேஸ்வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உள்ளே வைத்திருக்கும் சுரேனின் மனைவி, முன்வரிசை. அவர் வாசலில் முதல் முறை வைத்தபோது அவர் கர்ப்பிணி என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை வைத்தபோது தெரியும். அடுத்த வாரம் பிள்ளை கலைந்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எலுமிச்சம்பழத்தால் பிள்ளை கலையாது என்று எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் தாமானில் அதற்குப் பிறகு முத்தம்மாவின் பெயரைச் சத்தமாகவே சொன்னார்கள். யாரோ அவர் வீட்டுக் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தார்கள்.

அந்த வாரம் பின்வரிசையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. முத்தம்மாவுடையது, இருப்பதிலேயே சின்னப் பெட்டி. கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரச் சொல்லி சீராப் சர்பத் கலக்கிக் கொடுத்தார். தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்த காலத்திலிருந்து எல்லாரையும் தெரியும், பலருக்குப் பிரசவம் பார்க்க ஓடியிருக்கிறேன், இப்போது கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது என்றார். அழவில்லை. உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருந்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நீங்க எல்லா வீட்டுக்கும் போறீங்க தம்பி. எவன் வைக்கிறானோ, என் வாசல்லயும் ஒண்ணு வச்சிட்டுப் போனா நல்லா இருக்கும். அப்ப நானும் அவங்கள்ல ஒருத்தி ஆயிருவேன்."

என் பையில் அப்போது பழம் இருந்தது, சார். அவர் கேட்டதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பின்வரிசையில் ஒரு பழம் விழுந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது, அதுவரை செய்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. எல்லாம் சரியாகிவிடும் அம்மா என்று சொல்லிவிட்டு, சீராப்பைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். பாதியில் வைத்துவிட்டு வந்தால் மரியாதை இல்லை.

இனி நீங்கள் கேட்ட அந்த மதியம். சுரேன் இரண்டாவது பெட்டி வாங்கியிருந்தார், அதைக் கொண்டுபோனேன். தாமானுக்குள் நுழையும் இடத்தில்தான் முத்தம்மாவின் மூலைவீடு. நான் வருவதைக் கவனிக்காமல் அவர் மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்தார். சமையல் கத்தியால் அறுத்துக் குங்குமம் தடவினார். கேட்டுக்கு வெளியே, தன் வாசலில், தானே வைத்தார். இரண்டடி பின்னால் போய், சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தார். கோலம் போட்டவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, ஐயோ என் வாசலிலும் வைத்துவிட்டார்களே என்று ஊரைக் கூட்டலாம் என்று நினைத்திருப்பார், பாவம்.

எனக்குக் கோபம் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாள் நான் கட்டிக்காத்த வரிசை அது.

சுரேன் வாசலிலேயே நின்றிருந்தார். சவரம் செய்து பல நாளான முகம். பெட்டியை வாங்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்து மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, நீங்க வெளியாளு. உங்களுக்குப் பொய் சொல்லணும்னு இல்ல. யார் வைக்கிறான்னு எப்பவாச்சும் கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தேன் அண்ணே. மூலைவீட்டு அம்மா இப்பதான் ஒண்ணு வச்சாங்க."

எந்த வாசலில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம், நீங்களே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அவர் ஓடினார். வழியில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒன்றைத் தொடங்கிவிட்டு முடிவைப் பார்க்காமல் போவது எனக்குப் பிடிக்காது, அதனால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனேன். என் மோட்டார் அங்கே நின்றது அதனால்தான். முத்தம்மா கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். கத்தி இன்னும் வாசல்படியில் இருந்தது, விரல்களில் குங்குமம். சுரேன் ஒரே தள்ளுதான் தள்ளினார். கால்வாய் விளிம்பில் தலை பட்டது. முத்தம்மா என்னைப் பார்த்தாரா என்று கேட்டீர்களே, பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் துளசி அக்கா சாவுக்குப் போய்விட்டு வந்து, முன்வரிசைக் கேட்டுகளில் எல்லாம் தன் கயிறு தொங்குவதைப் பார்த்ததாகச் சொன்னார். பக்கத்தை மூடச் சொன்னார். யார் எதை வைத்தார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்தேன். இரண்டு வரிசையிலிருந்தும் ஆர்டர்கள் வந்து குவிந்திருந்தன. செத்தவள் சும்மா விடமாட்டாள் என்று பேச்சாம்.

சுரேன் தள்ளினார், அதை ஊரே பார்த்தது. பழங்களை வைத்தது நான். பெயர் எழுதச் சொன்னது நான். கர்ப்பிணி வீட்டில் தெரிந்தே வைத்தது நான். பார்த்தேன் என்று பாதி உண்மையைச் சொல்லி அனுப்பியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முத்தம்மாவின் வாசலில் கிடந்த பழத்தை மட்டும் என் மேல் எழுதிவிடாதீர்கள், சார். பின்வரிசையை நான் தொடவே இல்லை.