இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய வெர்னா டுகிட் அம்மையார் அவர்களே! தீயோடு மல்லுக்கட்டித் தோள் கருகிய மூத்தோர்களே! சாம்பலைக் கிளறிச் சமையல் பாத்திரம் தேடிய தாய்மார்களே! முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும், கட்டட அனுமதி வழங்கும் நம் ஊர்க் கவுன்சிலின் அலுவலர் இலானா அவர்களே! டன்மரா பள்ளத்தாக்கின் மக்களே! உங்கள் தீயணைப்புக் குழுத் தலைவன் டெஸ்மண்டின் பணிவான வணக்கம்.

கட்டட அனுமதிக் கட்டணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அங்கே பின்னால் யாரோ கொட்டாவி விடுகிறீர்கள். விடுங்கள் ஐயா, போன வருஷம் நானும் அப்படித்தான் விட்டேன்.

என் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் லாய்டை அறியாதவர் உண்டா? காட்டுத்தீயில் வீடு போனதும் மனைவி நோரீனோடு ஓட்டைக் கேரவன் வண்டி ஒன்றில் குடியேறினார். நோரீனுக்கோ புகை குடித்துப் புண்ணான நுரையீரல். குளிர் வருமுன் கூரை வர வேண்டும், அது ஒன்றுதான் லாய்டின் கவலை.

நம் வழக்கம் என்ன? ஒருவன் வீடு கட்டினால் ஊரே சுத்தியல் எடுத்து வரும். கூலி கேட்டவன் உண்டா? சுட்ட ஆட்டுக்கறியும் பீரும் போதாதா? ஆகவே விண்ணப்பத்தில், கட்டணத்தை முடிவுசெய்யும் வேலையின் மதிப்பு என்ற கட்டத்தில், மரத்துக்கும் தகரத்துக்கும் மட்டுமே தொகை எழுதினார் லாய்ட். கூலிக்குச் சுழி. எழுதச் சொன்னது யார்? நான்தான்!

கடிதம் வந்தது. இனாமாகச் செய்யும் வேலைக்கும் மதிப்பு உண்டு, அதைச் சேர்த்தால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறுகிறது, மீதியைக் கட்டும்வரை விண்ணப்பம் நகராது, கெடு தாண்டினால் காலாவதி என்றது முதல் பக்கம். லாய்ட் அதை என்னிடம் நீட்டினார். பாதிப் பக்கத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்க சும்மா அடிக்கிற ஆணிக்கு இவனுங்களுக்கு எதுக்குக் காசு? கட்டாத லாய்ட். நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்தேன்? கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டேனா? போய் ஒரு வார்த்தை கேட்டேனா? மதுக்கடையில் மேசை தட்டி முழங்கினேன்; நீங்கள் கை தட்டினீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்! கெடு கடந்தது. விண்ணப்பம் செத்தது. ஜூன் வந்தது, நம் தென்கோளத்துக் குளிர்காலம் வந்தது, உறைபனி வந்தது, கேரவனின் சுவரெல்லாம் உள்பக்கம் நீர் வழிந்தது. ஜூலையில் நோரீன் அங்கேயே கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்த மறுவாரம்தான் அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தேன். தீயில் வீடிழந்தவர் கேட்டால் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, ஒரு கையெழுத்து போதும் என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில்!

என்னம்மா சொல்கிறீர்கள்? அதை முதல் பக்கத்தில் போட்டிருக்கக் கூடாதா என்றா? நியாயமான கேள்வி. இதோ இலானா இருக்கிறார், இன்றே கேளுங்கள். ஆனால் தாளைத் திருப்பாத குற்றம் அவருடையதல்ல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது என்னுடையது.

எந்தக் கட்டணப் படி என்று கேளுங்கள்! ஏன் இவ்வளவு என்று கேளுங்கள்! தள்ளுபடி உண்டா, தவணை உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்! கட்டிவிட்டுக்கூடச் சண்டை போடுங்கள்! கடிதத்தை மூலையில் போட்டுவிட்டு மட்டும் வீரம் பேசாதீர்கள், என் மக்களே, பேசாதீர்கள்!

தள்ளுபடிக்குக் கையெழுத்தும் போட்டு, அதே வரைபடத்தோடு மறுபடி விண்ணப்பித்தோம். போன செவ்வாய்க்கிழமை அனுமதி வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். லாய்ட் வரைபடத்தை விரித்துப் படுக்கையறைமேல் விரலை வைத்தார்.

"இது ரெண்டு பேருக்குப் போட்ட பிளான்டா டெஸ். ஒருத்தனுக்குன்னு சின்னதா மாத்தணும்னா, அதுக்கும் காசு கட்டணுமா?"

"கட்டணும் லாய்ட். இதுக்குத் தள்ளுபடி கிடையாது. இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டேன்."

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.