அத்தானின் மூன்றாவது சுற்று

ஓட்டத்துக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்பார்கள். வெறும் வயிற்றில் எனக்கு ஓடவே வராது. அன்றும் நன்றாகவே சாப்பிட்டேன்.

மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். காட்டுக்குள் ஒரே வளையத்தை நான்கு முறை சுற்ற வேண்டும். ஒற்றையடிப் பாதை, வழி நெடுக வேரும் வழுக்குப் பாறையும். கணுக்காலில் ஒரு சிப் கட்டிவிடுவார்கள். தொடக்கக் கோட்டிலுள்ள பாயை மிதித்தால் அது ஒலிக்கும்; ஒரு சுற்று பதிவாகும்.

இரண்டாவது சுற்றில் அத்தான், என் அக்காவின் கணவர், எனக்கு முன்னால் வேர் தடுக்கிச் சரிவில் உருண்டார். நான் தள்ளவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். இறங்கிப் பார்த்தேன், தொடை எலும்பு முறிந்திருந்தது.

“அசைய முடியல மாப்ள. ஓடிப் போய்ச் சொல்லு.”

“சிப்பைக் குடுங்க அத்தான். காட்டினா உடனே ஆள் அனுப்புவாங்க.”

அடிபடாத காலை மடக்கி அவரே கழற்றிக் கொடுத்தார். இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து பாயை மிதித்தேன். அவர் சுற்றும் பதிவானது. தண்ணீர் மேசைப் பெண் பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

மூன்றாவது சுற்றில், எங்களோடு ஓடிய ஒரு டீச்சரம்மா சரிவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ யாரோ முனகுறாங்க.”

“என் அத்தான்தாங்க. சொல்லியாச்சு, ஸ்ட்ரெச்சர் வந்துட்டிருக்கு. நீங்க ஓடுங்க.”

சொந்தக்காரனே சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே நின்று, பின்னால் வந்த ஆறு பேரையும் இதையே சொல்லி அனுப்பினேன். என் நேரம்தான் வீணானது. பிறகு இறங்கிப்போய் என் தண்ணீரில் பாதியைக் கொடுத்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் அத்தான்.”

“நீ இருக்கியே, அது போதும்” என்றார்.

அந்தச் சுற்றையும் அவருக்காகப் பதிவு செய்தேன். நான்காவது சுற்றில் அவர் பேசவில்லை. கண் இமைத்தது, அதனால் உயிர் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். சிப்பைப் புதரில் வீசிவிட்டு ஓடினேன். பதிவின்படி அவர் மூன்று சுற்று முடித்தவர். கடைசிச் சுற்றில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

முடிவுக் கோட்டில் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். அங்கே அக்கா நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒவ்வொரு போட்டியிலும் எனக்காக நின்றவள். இப்போது என் தோளுக்கு மேலே பாதையை எட்டிப் பார்த்தாள்.

“அவர் எங்கடா?”

முதலில் என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

“பின்னாடியே வந்துட்டிருக்கார்க்கா.”

சாயங்காலம் வரை அவருக்கு உயிர் இருந்ததாக டாக்டர் சொன்னாராம். இருந்திருக்கலாம். அதுவரை அக்காவும் நானும் பாதையோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் கல்யாணமான பிறகு நாங்கள் இருவர் மட்டும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அன்றைக்குத்தான்.