சஷ்டிக் காளான்

ஓம், மணக்குதுதான். நான் இல்லையெண்டு சொன்னனானே, நமசிவாயத்தண்ணை? ஆனா அது கருவாடில்லை, காளான். முதல்லை உந்த வாங்கிலை இருங்கோ. கோயில் மனேச்சர் எங்கடை படலையிலை மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டா ஊர் என்ன நினைக்கும்?

சண்டைக்காலம், கூப்பன் அரிசிக்கு ஒரு கறி வேணுமெல்லே. மழைக்குப் பின்வளவுக் கறையான் புத்தடியிலை குடை குடையாப் பூத்துக் கிடந்துது. ஒரேயடியாத் திண்டு முடிக்கேலுமே? காயப்போடுவமெண்டா ஐப்பசியிலை வெய்யில் எங்கை? அதுதான் மண்ணைத் தட்டி, நாராக் கிழிச்சு, உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஈர்க்கிலை கோத்து அடுப்புக்கு மேலை தூக்கினனான். தண்ணியிலை அலம்பினா அழுகிப்போம். புகையிலை காய்ஞ்சு சுருண்டா பார்வைக்கும் மணத்துக்கும் சுறாக் கருவாடு மாதிரித்தான் இருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?

என்ன? சஷ்டி விரதத்திலை மீன் மச்சம் காயிற வீட்டுக்காரன் கோயில் சூரனைத் தோளிலை காவப்படாதோ? எங்கடை மனுசன் வருசம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கிறார். தேப்பன் காவின சூரன், இப்ப இவர். நாளைக்குச் சூரன்போர். வரவேண்டாமெண்டு நேற்று நீங்கள் சொல்லியனுப்பினதிலையிருந்து சுவரைப் பாத்துக்கொண்டு படுத்துக்கிடக்கிறார். எனக்கு வயிறெரியுது அண்ணை.

இந்தாங்கோ, மணந்து பாருங்கோ. இன்னும் கருவாடுதானோ? பிறந்ததிலையிருந்து சுத்த சைவமெண்டுறியள், பிறகெப்பிடி உவ்வளவு துல்லியமாத் தெரியுது?

மீன் காயப்போடுற குருநகர்ப் பக்கம் போகேக்கை காத்திலை வந்ததோ. சரி, காத்துத்தான்.

எழும்பாதேங்கோ, கோவிக்காதேங்கோ. முந்தநாள் பின்னேரம் உங்கடை மனுசி இரத்தினம்மா மச்சாள் வேலிப் பொட்டுக்குள்ளாலை கூப்பிட்டவ. நல்லம்மா, துண்டு கருவாடு தா, இவருக்கு விரதச் சோறு இறங்குதில்லையாம், ஆருக்கும் சொல்லிப்போடாதை எண்டா. பாவம், மறுக்கேலுமே? என்னட்டை இருந்தது காளான். வாய் திறவாமல் ஒரு கோர்வையைக் கழட்டிக் குடுத்தனான். சட்டியை வழிச்சுச் சாப்பிட்டியளாம், நல்ல சாதிக் கருவாடு, எங்கை வாங்கினனீ எண்டும் கேட்டியளாம்.

ஆனபடியால் பயப்பிடாதேங்கோ, உங்கடை வயித்திலை மச்சம் போகேல்லை. கருவாடெண்டு நினைச்சுச் சாப்பிட்டது முருகனுக்கும் உங்களுக்கும் உள்ள கதை. நான் ஆருக்குச் சொல்லப்போறன்? உள்ளுக்கை போய் அந்த மனுசனை நீங்களே ஒருக்கால் எழுப்பிவிடுங்கோவன். நாளைக்குச் சூரன் காவ ஆள் வேணுமெல்லே.