எட்டாவது தட்டு

எனக்குச் சத்தம் என்றாலே ஆகாது, ஐயா. வீட்டில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் அன்றைக்குச் சோறு இறங்காது. பாட்டுப் பதிவு செய்கிறவன் அப்படித்தான் இருக்கவேண்டும்.

எங்கள் வேலையில் மின்சாரம் கிடையாது. பெரிய தகரப் புனலுக்குள் பாடினால், அதன் மறுமுனையில் ஊசி மெழுகுத் தட்டைக் கீறும். குரல் ஏறினால் ஊசி துள்ளிவிடும். அதனால் பாடுகிறவரின் தோளைப் பிடித்து, ஏறும்போது பின்னால் இழுத்து, இறங்கும்போது முன்னால் தள்ளிக்கொண்டே நிற்பேன். நடுவே ஒரு தும்மல் விழுந்தால் முழுத் தட்டும் பாழ்.

பாடியது என் தங்கை. அவளுக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது, இனிப் பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்தக் குரல் அப்படியே போய்விடலாமா? சொல்லுங்கள்.

ஊசி எளிதாகக் கீறட்டும் என்று எட்டுத் தட்டுகளை இளஞ்சூடாக்கி வைத்திருந்தேன். ஏழிலும் இருமித் தொலைத்தாள். வேண்டுமென்றா இருமினாள், பாவம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசி அடிக்கு வந்துதான் இருமுவாள். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

"அண்ணா, என்னால முடியல. கொஞ்சம் தண்ணி கொடேன்."

"இது ஒண்ணு மட்டும்மா. அடக்கிக்கோ."

எட்டாவதில் அவள் பாடினாள் பாருங்கள், அதற்கு முன் அப்படிப் பாடியதே இல்லை. கடைசி அடிக்கு முன்னால் வயலின் வரும். நான் முதுகில் தட்டும்வரை வயலின்காரர் வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் எங்கள் ஏற்பாடு. மனுஷன் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார்.

இருமல் முதலில் தோளுக்குத்தான் வரும். அவள் தோள் குலுங்கியது. நான் வாயைப் பொத்தினேன். என் கை பெரியது, மூக்கும் உள்ளே போய்விட்டது. அது எனக்குத் தெரியும். மணிக்கட்டைப் பிறாண்டினாள். தோள் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். நல்லவேளை, சத்தமில்லாமல் அடங்கியது. அப்புறமும் நான் கையை எடுக்கவில்லை. மறுபடி இருமிவிட்டால்?

"யோவ், கையை எடுய்யா! பொண்ணு தொங்குது பாரு!"

வயலின்காரர் கண்ணைத் திறந்துவிட்டார்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தட்டை ஊசியில் போட்டுக் கேட்காதீர்கள். மெழுகு ஒரு தடவையிலேயே தேய்ந்துவிடும், முதலில் அதிலிருந்து உலோக அச்சு எடுக்கச் சொல்லுங்கள். ஓர் இருமல்கூட அதில் இருக்காது. அத்தனை பாடுபட்டும், கடைசியில் கூச்சல் போட்டுத் தட்டைக் கெடுத்தவர் அந்த வயலின்காரர்தான், ஐயா. அவரை யாருமே விசாரிக்கவில்லை.