ஆறிப்போன கேசரி

– கேசரி ஆறிக்கினு இருக்குதே, மொதலியாரே. பொண்ணு பிடிக்கலைன்னா வாய்விட்டுச் சொல்லிடுங்க. இந்தக் கலியாணசுந்தரம் கோவிச்சுக்க மாட்டான்.

– உங்க தையல்நாயகிக்கு இன்னாங்க கொறச்சல்? என் பையன் தணிகாசலத்துக்கு ஏத்த பொண்ணுதான். முகூர்த்தப் புடவைக்கு நம்ம தறியில எந்தக் கலர்ல பாவு போடலாம்னு கூட நெனச்சிக்கினேன்.

– அப்போ ஒரு வாய் போடுங்க. இனிப்பைத் தொடாம எழுந்தீங்கன்னா, வேலாயுதம் மொதலியாரு வேணாம்னுட்டாருன்னு தெருவே பேசும்.

– வயிறு சரியில்லீங்க.

– பஜ்ஜி ரெண்டு தட்டு உள்ள போச்சே?

– கிட்ட வாங்க, சொல்றேன். எனக்குச் சக்கரை நோவு. மெட்ராசுல டாக்டர்கிட்டக் காட்டினேன். சோத்தைக் கொறைச்சுடு, கோதுமை சாப்பிடு, கீரை சாப்பிடு, இனிப்புப் பக்கமே போவாதேன்னுட்டாரு.

– இதை மொதல்லயே சொல்லியிருந்தா சுண்டல் வெச்சிருப்போமே.

– எப்படிங்க சொல்றது? வீட்டுல இன்னும் ரெண்டு பொண்ணு நிக்குது. பரம்பரை நோவுன்னு ஊர் பேசினா எவன் வருவான்? என் சம்சாரம் கமலாட்சிக்கே தெரியாது.

– அந்தம்மா இனிப்பு செஞ்சு போட்டா இன்னா பண்ணுவீங்க?

– பையன் கல்யாணம் முடிவாவற வரைக்கும் இனிப்பைத் தொட மாட்டேன்னு ஏகாம்பரநாதருக்கு வேண்டிக்கினதா ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கேன்.

– அப்போ இன்னைக்கு முடிவாச்சுன்னா…

– தின்னுதான் ஆவணும். தின்னலைன்னா, இந்த எடம் எனக்குப் பிடிக்கலைன்னு கமலாட்சி நெனைப்பா. அதோ, கூடத்துல இருந்து என் கையையே பார்த்துக்கினு இருக்கா.

– வேணாங்க. உடம்புதான் முக்கியம்.

– ஒரு வாய்தானே. ஆவறது ஆவட்டும்.

– மெதுவா, மொதலியாரே.

– இன்னாங்க இது?

– ஏன், கட்டி தட்டிப் போச்சா?

– கேசரியே இல்லீங்க. கோதுமை ரவை உப்புமா. கலர் மட்டுந்தான் கேசரி.

– மானம் போச்சே. தையலு, இங்க வாம்மா. இவரு தட்டுல இன்னா வெச்ச?

– மெதுவாப் பேசுப்பா, கூடத்துல கேக்கும். மத்தவங்களுக்கெல்லாம் கேசரிதான். மாமாவுக்கு மட்டும் உப்புமா செஞ்சு கேசரிப் பவுடர் போட்டேன். அத்தை பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பஜ்ஜியைத்தான் மாமா ஒரு தட்டோட நிறுத்தியிருக்கலாம்.

– இவருக்கு இனிப்பு ஆவாதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். உனக்கு யாரும்மா சொன்னது? ஏன் தலையைக் குனிஞ்சிக்கினே? கேக்கறேன் இல்ல?

– அவளை ஒண்ணும் கேக்காதீங்க, சம்பந்தி. மெட்ராசுக்கு என்னைக் கூட்டிக்கினு போனவன் என் பையன். இந்த விஷயம் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.