தோளுக்கேற்ற துவக்கு

பிரெஞ்சு பேசும் அஹுன்ட்சிக் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற தம்பதியில் கணவன் மனைவியிடம் சொன்னார்:

"மகளும் நானும் மான் சுட ஒரு துவக்கே காணும், ரெண்டு வேண்டாம். பெரிசுதான் மலிவு. அவள் வளர சரியா வரும்."

"அதென்ன, வளர வளரக் காலில போட சப்பாத்தே? எத்தினை தரம் சொல்லுறது! பன்ரண்டு வயசுப் பிள்ளையின்ர தோள் துவக்கு உதைக்கிறதைத் தாங்குமே? முதல் வெடியோட வீட்டை போவமெண்டுவாள்."

"சின்னன் எனக்குக் கட்டையப்பா."

"அப்ப நீங்கள் தனியப் போங்கோ!"

அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி சொன்னார்:

"அவள் இப்ப என்னோட கதைக்கிறதே இந்த மான் வேட்டையைப் பற்றித்தான்."

மனைவி பெருமூச்சு விட்டார். "அப்ப சின்னனை வாங்கி, நீங்கள் கையை ஒடுக்கிப் பிடியுங்கோ."

பஸ்ஸில் ஏறும்போது அவர் துவக்குக் கடைக்குப் போன் எடுத்து, சின்னதை எடுத்து வைக்கும்படி பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தார்.